மூணேகால் கிலோ

பேருந்தில் உட்கார ஒரு இடம் கிடைக்கிறதே என்றுதான் பந்து அந்தப் பொய்யைச் சொன்னாள். திட்டம் போட்டுச் சொன்னதில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டாள். பிறகு அது அவளை விடவில்லை.

பந்து என்பது அவளுடைய அண்ணன் வைத்த பட்டப்பெயர். தவழ்கிற வயதில் படியிலிருந்து உருண்டு விழுந்தும் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் சிரித்தாளாம், அன்றைக்கு வைத்தது. பள்ளிக்கூடம், கல்யாணம், வேலை என்று போன இடமெல்லாம் அந்தப் பெயரும் கூடவே உருண்டு வந்துவிட்டது. "பந்துன்னா சொந்தம்னு ஒரு அர்த்தமும் இருக்கும்மா" என்று அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி ஒருநாள் சமாதானம் சொன்னார். அதைச் சொல்லும்போதும் அவர் கண் அவளுடைய வயிற்றில்தான் இருந்தது.

வயிறு அப்படி. அவள் உட்கார்ந்தால் அதுவும் தொடைமேல் வந்து தனியாக ஒரு ஆளாக உட்கார்ந்துகொள்ளும். தொடைகள் நடக்க நடக்க உரசி, சாயங்காலம் வீடு திரும்பும்போது தோல் வெந்துபோயிருக்கும். பவுடர் போட்டுப் பார்த்தாள், எண்ணெய் தடவிப் பார்த்தாள், எதற்கும் மசியவில்லை. அண்ணன் மகள் சின்னவளாக இருந்தபோது அவள் மடியில் ஏறப் பார்த்து, சரிந்து சரிந்து விழுந்து, கடைசியில் வீட்டுக்கே கேட்கும்படி அறிவித்தாள்: "அத்தைக்கு மடியே இல்ல!" எல்லாரும் சிரித்தார்கள். பந்துவும் சிரித்தாள். அதற்குப் பிறகு எந்தக் குழந்தையையும் அவள் மடிக்குக் கூப்பிட்டதில்லை.

சரி, பொய்க்கு வருவோம். அன்றைக்குக் கடையில் கூட்டம். கண்ணாடிச் சட்டங்களைச் சூடு காட்டி வளைத்து, ஒவ்வொருவர் காதுக்கும் பொருத்தி, மூக்கில் அழுத்துகிறதா என்று கேட்டுக் கேட்டு, காலையிலிருந்து நின்றபடியே இருந்தாள். பேருந்தில் ஏறியபோது முழங்கால் இரண்டும் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. ஜன்னலோரம் தினமும் ஒரு அம்மா உட்கார்ந்து வருவார். வெயிலோ மழையோ, வானம் சும்மா கிடந்தாலும் சரி, கையில் குடை இருக்கும். பந்து மனதுக்குள் அவருக்குக் குடையம்மா என்று பெயர் வைத்திருந்தாள். பட்டப்பெயர் வைப்பது அண்ணனுக்கு மட்டும்தான் வருமா என்ன?

குடையம்மா எழுந்து இடம் விட்டார். "உக்காரு கண்ணு. இந்த நெலமையில நிக்கலாமா?"

பந்துவுக்குப் புரிந்தது. இது முதல் தடவை இல்லை. வழக்கமாக அவள், "இல்லங்க, என் உடம்பே இப்படித்தான்" என்பாள். கேட்டவர் முகம் சுருங்கிப் போகும். உடனே அவள், "பரவாயில்லங்க, எல்லாரும் கேக்கறதுதான்" என்று தேற்ற வேண்டும். குத்து வாங்கியவளே மருந்தும் போட வேண்டும், நல்ல நியாயம்தான்! அன்றைக்கு அவளுக்கு யாரையும் தேற்றத் தெம்பில்லை. பேசாமல் உட்கார்ந்தாள்.

"எத்தனையாவது மாசம்?"

"அஞ்சு" என்றாள் பந்து.

ஒருநாள் கூத்து என்று நினைத்துத்தான் சொன்னாள். ஆனால் மறுநாளும் அதே பேருந்து, அதே முகங்கள். அவள் ஏறியதுமே குடையம்மா கைதட்டிக் கூப்பிட்டார். அந்த வாரத்துக்குள் பேருந்து முழுக்கத் தெரிந்துபோனது. டிரைவர் வேகத்தடை வந்தால் ஆமை வேகத்தில் ஏற்றி இறக்கினார். யாரோ ஒருவர் தினமும் அவள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு", "சூடா எதையும் தூக்காத" என்று ஆளுக்கொரு யோசனை. பந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வேறு பேருந்தே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கொஞ்சம் சுற்றிப் போகும், அவ்வளவுதான். அவளுக்கு அது பிடித்திருந்தது, அதனால் மாறவில்லை. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? பல வருஷம் முன்னால் அவளும் வீட்டுக்காரரும் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. இரண்டு பேருக்கும் குறை ஒன்றுமில்லை என்றார்கள், குழந்தையும் இல்லை. பிறகு அந்தப் பேச்சையே இருவரும் விட்டுவிட்டார்கள். பின்பக்கத்துச் சின்ன அறையில், லிஃப்ட் ரிப்பேர் செய்கிற வீட்டுக்காரர் தன் ஸ்பேனர்களையும் கம்பிச் சுருள்களையும் கொண்டுவந்து ஒரே மத்தியானத்தில் அடைத்துவிட்டார். காலியாக இருந்தால்தானே அது யாருக்கான அறை என்று கேட்கத் தோன்றும்?

ஆகவே அந்தக் குழந்தை பேருந்தில் மட்டும் வளர்ந்தது. ஆறு ஆனது, ஏழு ஆனது. கணக்கைக் குடையம்மாவே வைத்துக்கொண்டார். ஏழாம் மாதத்தில் ஒரு சாயங்காலம் அவர் கேட்காமல் கொள்ளாமல் பந்துவின் வயிற்றில் கையை வைத்தார். பந்துவுக்கு உடம்பு கூசியது. தட்டிவிடவும் முடியவில்லை.

குடையம்மா முகம் மலர்ந்தது. "அட, உதைக்குதே! என்னா உதை!"

பேருந்தே சிரித்தது. பந்துவும் சிரித்து வைத்தாள். வாயுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மத்தியானம் அவசர அவசரமாகச் சாப்பிட்டதுதான் வேலையைக் காட்டுகிறது.

மறுநாள் கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி பொருத்தக் குனிந்தாள். கவுண்டரின் விளிம்பு வயிற்றில் அழுந்தியது. உள்ளே ஏதோ ஒன்று, அந்த விளிம்பு உறுத்துகிறது என்பதுபோல, இடம் மாறி உட்கார்ந்தது. பந்து அப்படியே நின்றாள். "மூக்குல அழுத்தலம்மா, நல்லாருக்கு" என்று பெரியவர் சொன்னது எங்கிருந்தோ கேட்டது. அவள் கையில் இருந்த துடைக்கும் துணி கீழே விழுந்திருந்தது.

பயந்துபோய் மருத்துவரிடம் போனாள். சிறுநீர் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் திரையைத் திருப்பியே காட்டிவிட்டார். "கர்ப்பப்பையில ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா காலி. இதெல்லாம் கொழுப்பு." பந்து திரையைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் புகை மாதிரி என்னவோ தெரிந்தது. அவர் சொன்னபிறகும் அது நகர்ந்த மாதிரிதான் அவளுக்கு இருந்தது. வெளியில் சொன்னால் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை.

எட்டாம் மாதம் பிறந்தபோது அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒன்பது முடிந்தால் வயிறு இறங்கியாக வேண்டும். குழந்தை இல்லை. அப்படியானால் வயிறாவது இறங்கட்டும் என்று முடிவுக்கு வந்தாள். சிரிக்காதீர்கள், மாட்டிக்கொண்டவளுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். பேருந்தில் எழுந்து நின்று, "நான் பொய் சொன்னேன், எனக்குப் பிறக்காது" என்று அத்தனை பேர் முன்னால் சொல்வதைவிடக் கத்தியே மேல் என்று அவளுக்குப் பட்டது.

வீட்டுக்காரரிடம் வேறு மாதிரி சொன்னாள். "தொடை உரசி நடக்கவே முடியலங்க. முழங்காலும் போச்சு. வயித்துலயும் தொடையிலயும் கொழுப்ப உறிஞ்சி எடுத்துடறாங்களாம். ரெண்டு வாரம் லீவு போட்டா போதும்."

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது. "வயித்துலயுமா?"

"வயித்துலதானே நெறைய இருக்கு."

"தொடைய மட்டும் பண்ணிக்கோயேன் பந்து. வயிறு... அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

இப்படி ஒரு பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. பல வருஷமாக அவள் வயிற்றில் கையைப் போட்டுத்தான் அவர் தூங்குவார். அந்தப் பழக்கம்தான் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி நாள் பேருந்தில் அவளை வழியனுப்பினார்கள். டிரைவர் எழுந்து வந்து வணக்கம் சொன்னார். குடையம்மா அவள் கன்னத்தைத் தடவினார். "ரெண்டு உசுரா நல்லபடியா திரும்பி வா கண்ணு." பந்து இறங்கிப் போய், பேருந்து கண்ணிலிருந்து மறைகிறவரை நின்று, அதன்பிறகு அழுதாள்.

க்ளினிக் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. சர்ஜன் ஒரு பெண்மணி, வளவளவென்று பேசாதவர். பந்துவை நிற்கவைத்து, ஊதா நிறப் பேனாவால் வயிற்றிலும் இரண்டு தொடையிலும் கோடு போட்டார். வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்று. "படுத்தா எல்லாம் சரிஞ்சிடும். அதனாலதான் நிக்கும்போதே வரையறது" என்றார். தொப்புளைச் சுற்றிப் போட்ட வளையம் மட்டும் கோணிக்கொண்டது. சர்ஜன் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தார். மறுபடியும் கோணியது.

"மூச்சப் பிடிச்சுக்கோங்க. வயித்த அசைக்காதீங்க" என்றார்.

"நான் அசைக்கல டாக்டர்" என்றாள் பந்து.

பிறகு மேஜையில் படுக்கவைத்து, அரைமயக்க ஊசி போட்டார்கள். பொட்டுப் போன்ற துளைகள் வழியாக மரத்துப்போகும் மருந்து கலந்த உப்புநீரை உள்ளே ஏற்றினார்கள். கொழுப்பு ஊறி இளகினால்தான் குழாயில் வருமாம். வயிறு ஏறியது. ஏறிக்கொண்டே போய் தோல் பளபளத்து, உச்சியில் தொப்புள் பிதுங்கி நின்றது. கண் செருகுவதற்கு முன்னால் பந்து அதைப் பார்த்தாள். குடையம்மா கணக்கு தப்பவில்லை. அது அப்பட்டமான ஒன்பது மாச வயிறு.

வலி இல்லை. யாரோ உள்ளேயிருந்து எதையோ இழுத்தார்கள், விட்டார்கள், மறுபடி இழுத்தார்கள். குழாய் போவதும் வருவதும் தெரிந்தது. உறிஞ்சும் இயந்திரம் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் அந்த இரைச்சல் திக்கி, நின்று, மெல்லிசாக ஒரு அழுகை மாதிரி கிளம்பி மறுபடி இரைச்சலானது. "குழாய் அடைச்சிருக்கு" என்று சர்ஜன் குரல் கேட்டது. அதை நம்பத்தான் பந்து ஆசைப்பட்டாள்.

விழித்தபோது மார்புக்குக் கீழிருந்து முழங்கால்வரை இறுக்கமான உடுப்பு ஒன்றை மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் வயதான நர்ஸ் ஒருவர், எடுத்ததையெல்லாம் எடை போட்டுக்கொண்டிருந்தார். கழிவை எடை பார்த்துத்தான் அனுப்புவார்களாம். முள் நின்றதும் நர்ஸ் தலையாட்டினார்.

"மூணேகால் கிலோ. நல்ல எடை."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோம்மா. பிரசவ வார்டுலயே காலம் பூரா இருந்துட்டேனா, முள்ளப் பாத்தா வாய் தானா சொல்லிடுது."

பந்து தலையைத் தூக்கினாள். "நான் பாக்கலாமா?"

நர்ஸ் தயங்கிவிட்டு ஜாடியைக் கொண்டுவந்தார். மஞ்சளாக, நடுநடுவே சிவப்பு இழையோடியது. பந்து கையை வைத்தாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.

"இத என்ன பண்ணுவீங்க?"

"ஃப்ரீசர்ல இருக்கும். மாசக் கடைசியில வண்டி வந்து வாங்கிட்டுப் போயி எரிச்சிடும். ஏம்மா கைய எடுக்க மாட்டேங்கறே? குளிருதா?" என்று நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டார்.

வீட்டில் வீட்டுக்காரர் அவளைத் தாங்கு தாங்கு என்று தாங்கினார். துளைகள் வழியாக ரோஜா நிறத்தில் நீர் கசிந்தது, துணி மாற்றினார். தொடையெல்லாம் கன்றிப்போய்க் கறுத்திருந்தது, மருந்து தடவினார். நடக்கவைத்தார். அவர் வேலை மத்தியானத்துக்குப் பிறகுதான், காலைச் சாப்பாடு முடிந்ததும் கொஞ்சம் கண்ணசருவார். வழக்கம்போல அவர் கை அவள் பக்கம் வரும், இருக்க வேண்டியது இல்லாமல் தொபுக்கென்று இறங்கும், திடுக்கிட்டு எழுந்துவிடுவார். ஒரு வாரம் இப்படிப் போயிற்று. அப்புறம் ஒருநாள் கை இறங்கவில்லை. பழைய வயிறு இருந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. கீழே ஒன்றும் இல்லை, வெறும் காற்று. அவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு விட விட அந்தக் கை மெல்ல ஏறி இறங்கியது. பந்துவின் மூச்சு வேறு கதியில் போய்க்கொண்டிருந்தது. அவள் நகரவே இல்லை, அவரை எழுப்பவும் மனம் வரவில்லை.

மூன்றாவது வாரம் வேலைக்குக் கிளம்பினாள். அந்த இறுக்கமான உடுப்புக்குமேல் தொளதொள சட்டை. உடம்பு இளைத்திருந்தது, ஆனால் வாசலைத் தாண்டும்போது பழைய பழக்கத்தில் இன்னும் பக்கவாட்டில் திரும்பித்தான் போனாள். பேருந்து நிறுத்தத்தில் நின்று பாடத்தை ஒப்பித்துக்கொண்டாள். சொல்வதற்கு இரண்டு வழிதான். பிறந்து இறந்துவிட்டது என்று சொல்லலாம். இல்லாததைக் கொல்வதற்குக்கூட அவளுக்கு வாய் வராது. ஆகவே உண்மையைச் சொல்லிவிடுவது. "சும்மா சொன்னேன்மா, மன்னிச்சிடுங்க." அவ்வளவுதான், முடிந்தது.

ஏறியதும் பேருந்தே திரும்பிப் பார்த்தது. குடையம்மா குடையைத் தூக்கி ஆட்டினார். "வந்துட்டியா! என்ன கொழந்த?"

பந்து வாயைத் திறந்தாள்.

"பொண்ணு" என்றாள்.

"எடை?"

"மூணேகால் கிலோ."

டிரைவர் ஹாரனை அழுத்தினார். யாரோ கைதட்டினார்கள். பந்துவுக்குக் காதெல்லாம் அடைத்துக்கொண்டது. அவள் சொன்னாளா, வேறு யாரும் அவள் வாயால் சொன்னார்களா, அவளுக்கே தெரியவில்லை. குடையம்மா சிரித்த முகத்தோடு அவளை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"அதுக்குள்ள வேலைக்குக் கெளம்பிட்டியே. பச்சப்புள்ளய எங்க விட்டுட்டு வந்தே?"

அந்த ஜாடிதான் கண்முன் வந்தது. வெதுவெதுப்பாக இருந்ததை ஃப்ரீசரில் வைத்துவிட்டு வந்தவள் அவள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, தொடை வலிக்க வலிக்க வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டுக்காரர் வாசலில் ஷூவுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். "என்னாச்சு பந்து? வலிக்குதா?"

"நான் ஒரு பொய் சொல்லிட்டேங்க." நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். குடையம்மாவை, ஐந்தாம் மாதத்தை, கவுண்டர் விளிம்பில் நகர்ந்ததை, நர்ஸ் சொன்ன எடையை. பைத்தியம் என்று சொல்லுவார், அல்லது சிரிப்பார், இரண்டுக்கும் தயாராக இருந்தாள்.

அவர் இரண்டும் செய்யவில்லை. எழுந்து பின்பக்கத்து அறைக்குள் போனார். ஸ்பேனர் பெட்டிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து அவள் முன்னால் வைத்தார். உள்ளே கையளவு குல்லாய் ஒன்று, கிலுகிலுப்பை ஒன்று, மஞ்சள் நிறத்தில் மெத்தென்ற சின்னப் போர்வை.

"எங்க ஆளுங்க குடுத்தது" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "நான் சாவிய மறந்துட்டேன்னு நீ ஒருநாள் வேலை நடக்கற எடத்துக்கே கொண்டாந்து குடுத்தியே. நீ போனதும் கேட்டானுங்க, அண்ணிக்கு எத்தனையாவது மாசம்னு. இல்லடான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன்."

"என்ன சொன்னீங்க?"

"அஞ்சுன்னுட்டேன்."

பந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை நாளாக ஒரே கூரைக்கடியில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஒரே பிள்ளையைச் சுமந்திருக்கிறார்கள். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"வயித்த எடுக்கப் போறேன்னியே, அன்னிக்கே சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்றது? நான் கை வெச்சுட்டுத் தூங்கறப்ப எனக்கும் தெரியும் பந்து. அசையும்."

பந்து அந்தக் குல்லாயை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தாள். பிறகு அவர் கேட்டார்: "பொண்ணுன்னா சொன்னே?"

"ம்."

"இப்ப எங்க இருக்கா?"

அவள் ஃப்ரீசரையும், மாசக் கடைசியில் வரும் வண்டியையும் சொன்னாள். அவர் காலண்டரைப் பார்த்தார். அன்று மாதத்தின் கடைசி நாள். மறுபேச்சுப் பேசாமல் போர்வையை எடுத்துக்கொண்டார்.

க்ளினிக்கில் அதே நர்ஸ்தான் இருந்தார். இவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று புரியவே அவருக்கு நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் வெளிறியது. "அதெல்லாம் யாருக்கும் குடுக்கக் கூடாதும்மா" என்றவர், போர்வையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அதுவுமில்லாம, காலையிலயே வண்டி வந்துட்டுப் போயிடுச்சு. இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும்."

முடிந்துவிட்டது. மாடிப்படியில் வீட்டுக்காரர் முன்னால் இறங்கினார். போர்வை இப்போது அவர் கையில் மடிப்பாக இல்லை. எப்போது அப்படி மாற்றிப் பிடித்தார் என்று பந்து கவனிக்கவில்லை. ஒரு கை அடியிலும் ஒரு கை மேலுமாக, படி படியாகப் பார்த்துக் கால் வைத்தார். தெருவுக்கு வந்ததும் வெயில் படாமல் ஓரமாக நடந்தார். சாயங்காலம்வரை இருவரும் ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று பிறகு இருவருக்கும் ஞாபகம் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

வீடு திரும்ப வந்தது அதே பேருந்து. நெரிசல். பந்துவுக்கு ஏறவே பயம். ஏறியதும் ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

"அட, கூட்டிட்டே வந்துட்டீங்களா! எழுந்திருங்கப்பா, கைக்கொழந்தக்காரங்களுக்கு எடம் விடுங்க."

இரண்டு பேர் சட்டென்று எழுந்தார்கள். பந்துவும் வீட்டுக்காரரும் உட்கார்ந்தார்கள். குடையம்மா எழுந்து வந்து, கம்பியைப் பிடித்துக் குனிந்து, போர்வையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கினார். பந்து அவர் வாயையே பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவார், உள்ளே ஒன்றும் இல்லையே என்று. பேருந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிடுவார்.

குடையம்மா வெகுநேரம் பார்த்தார். "அப்பா மூக்கு அப்படியே" என்றார். போர்வையைப் பழையபடி மூடி, ஜன்னல் பக்கம் காற்று வராமல் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

வேகத்தடை வந்தது. டிரைவர் ஆமை வேகத்தில் ஏற்றி இறக்கினார். பந்து ஓரக்கண்ணால் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. இரும்புக் கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறுகிறவருடைய முழங்கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"பந்து" என்றார் மெதுவாக. "கை கடுக்குது. கொஞ்ச நேரம் நீ வாங்கிக்கோ."

அவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். கன்றிய தொடையில் பாரம் இறங்கி, வலி சுரீரென்றது. அசைந்தால் எழுந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். சரிந்து விழவில்லை. இப்போது அவளுக்கு மடி இருந்தது.